இடம் மாறிக்கொண்டே இருந்த பாத்தி

வெர்லா டிக்கர்ட் எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாளில் சாமான் லாரியிலிருந்து முதலில் இறங்கியது கட்டிலும் இல்லை, மேசையும் இல்லை. வேர்க்கட்டிகள் திணித்த வாளிகள். அவள் புருஷன் ராய்ஸ் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, ஆட்களுக்கு எது எந்த அறைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்குள் காலடிகூட வைக்கவில்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். சற்று நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஏப்ரல் கடைசி அது. வேலியோரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது.

நான் பக்கத்து வீடு. புதிதாக வந்தவர்கள் முதல் நாள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். மக்ரோனியும் மாட்டுக்கறியும் சேர்த்துச் சுட்ட தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். முழங்கால்வரை சேறோடு நின்றவள் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"எதைச் சொல்லட்டும்? கடைசியா இருந்த ஊரையா, நல்லா இருந்த ஊரையா?"

என்ன செடி என்று கேட்டதற்கு, தரையோடு தரையாக ஊதா நிறத்தில் முளைத்திருந்த துளிரில் ஒன்றைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். ஓமத்தையும் ஆரஞ்சுத் தோலையும் சேர்த்து நசுக்கியதுபோல் வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேனீத்தழை. எங்கள் ஆஸ்வீகோ ஆற்றங்கரை முழுக்க அது காடாக மண்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் அந்தக் குடிநீருக்கு ஆற்றின் பேரையே வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, மூன்று மாநிலம் தாண்டி, அதே செடியை வாளியில் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். சொன்னேன்.

"அது இங்க இருந்த செடி. இது என்கூட வந்த செடி," என்றாள். சொல்லும்போதே அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய கதை பிறகு வேலிக்கு மேலாகத் துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. ஒரே மூச்சில் எதையும் சொல்ல அவளால் முடியாது. பாதியில் எழுந்து போய்விடுவாள். வடக்கே ஒரு பால்பண்ணையில் பிறந்தவள். ராய்ஸைக் கட்டிக்கொண்டபோது இருபதுகூட ஆகவில்லை. அவர் லைன்மேன். எந்த ஊரிலாவது காற்றோ பனிமழையோ அடித்து மின்கம்பி அறுந்து விழுந்தால், அந்த ஊருக்கு லாரியோடு போகும் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் இடம் மாறும்போதெல்லாம் இவர்கள் வீடு மாறினார்கள். மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ, பென்சில்வேனியா, மெய்ன் என்று வாடகை வீடுகள். பெட்டியைப் பிரிப்பதற்குள் அவருக்கு அழைப்பு வந்துவிடும். அவள் அந்த ஊரில் ரொட்டிக்கடை எங்கே, மருத்துவர் எங்கே என்று தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நான் கேட்டதும் இல்லை.

தேனீத்தழை அவள் கைக்கு வந்தது மேற்கு வர்ஜீனியாவில். குடியிருந்த டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. ராய்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் பனிமழையில் கம்பி கட்டப் போயிருந்தார். கம்பத்திலிருந்து ஒரு லைன்மேன் மின்சாரம் தாக்கி விழுந்துவிட்டான் என்று வானொலி சொன்னது. பேர் சொல்லவில்லை. வீட்டில் தொலைபேசி இல்லை. கேட்டுவிட்டு அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஓடைக்கரையில் போய் உறைந்த மண்ணைக் கொத்தி, கைக்கு அகப்பட்ட வேரைப் பிடுங்கி, வாசற்படி ஓரம் நட்டாள். என்ன செடி என்றே அப்போது தெரியாதாம். விழுந்தவன் வேறு யாரோ. ராய்ஸ் மறுவாரம் சாவகாசமாக வந்து சேர்ந்தார். கோடையில் அந்த வேரிலிருந்து சிவப்புப் பூ எழும்பியது.

"அதுலேருந்து புயல் நாள்ல நான் தோண்டுவேன். சிலபேர் கம்பளி பின்னுவாங்க. நான் தோண்டுவேன்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதை ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்தச் செடியும் அவளுக்கென்றே வாய்த்த மாதிரிதான் இருந்தது. ஒரே இடத்தில் நிற்க அதற்குத் தெரியாது. மண்ணுக்குள் விரல் ஆழத்தில் வேர்க்கொடியை எல்லாத் திசையிலும் ஓடவிடும். முதல் வருஷம் ஒரு குத்து. இரண்டாம் வருஷம் ஒரு புதர். மூன்றாம் வருஷம் நடுப்பகுதி கட்டைதட்டிச் செத்து வழுக்கை விழுந்துவிடும். உயிரெல்லாம் ஓரத்துக்குப் போய், ஓரம் இன்னும் வெளியே நகரும். வசந்தம் பிறந்ததும் மொத்தத்தையும் தோண்டி, நடுவை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளைப் பிய்த்துப் புதுமண்ணில் வைத்தால்தான் பாத்தி பிழைக்கும். எங்கள் தெருவுக்கு வரும்வரை வெர்லா அந்த வழுக்கையைப் பார்த்ததே இல்லை. அது விழுவதற்குள் டிக்கர்ட் வீட்டார் வாளிகளோடு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் தெருவில்தான் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கினார்கள். கம்பத்தின் உச்சிக்கு ஆளைத் தூக்கும் லாரியின் கூடையிலிருந்து ராய்ஸ் விழுந்து தோள்பட்டை நொறுங்கிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவனுக்கு அந்த வேலையில் இடமில்லை. ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆற்றில் சால்மன் மீன் ஏறும் ஊர் என்பதால் இந்த ஊரை அவர்தான் தேர்ந்தெடுத்தார். வந்த நாளிலிருந்து அடுப்படிப் பூனைபோல நிம்மதியாக இருந்தார். காலையில் தூண்டில், மதியம் வானொலியில் பேஸ்பால், மாலையில் பின்பக்கத்து நாற்காலி.

வெர்லாவுக்குத்தான் கால் தரிக்கவில்லை. காப்பியை நின்றுகொண்டு குடிப்பாள். தேவாலயத்து விருந்தில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவப் போய்விடுவாள். தேனீத்தழைப் பாத்தியை முதல் வருஷம் வீட்டின் தென்பக்கம் போட்டாள். இரண்டாம் வருஷம் மேப்பிள் மரத்தடிக்கு மாற்றினாள். நிழல் அதிகம் என்று அதே கோடையில் கார்க்கொட்டகை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். எதிர்வீட்டு ஓட்டிஸ் ஒருநாள் தெருவிலிருந்தே கேட்டான்.

"வெர்லா, அந்தச் செடிக்கு டிரைவிங் லைசென்ஸ் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு ஓட்டிஸ். அடுத்தது உன் வாசலுக்குத்தான் வருது. அந்த ஓட்டை வண்டியை எடுத்து ஓரமா நிறுத்து."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் எதுவோ அவளை அரித்துக்கொண்டிருந்தது. அது என்னவென்று மூன்றாம் வருஷக் கோடையில்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு ஊர் பழகிவிட்டது. புருஷன்தான் பழகவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் தனியாகக் குடித்தனம் நடத்தியவள். இப்போது எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ராய்ஸ் நின்றார். அவளுக்குப் பின்னாலேயே வந்து, என்ன செய்கிறாய், நான் பிடிக்கட்டுமா, இதை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று அன்பாகக் கேட்டார். மீன் பிடிக்காத நாளில் தோட்டத்துக்கும் வந்தார். அந்தக் கோடையில் ஒரு வண்டி மரப்பட்டைத் துருவல் வரவழைத்து, களை முளைக்காமல் இருக்கட்டும் என்று தேனீத்தழையின் கழுத்துவரை மூடாக்காகக் குவித்தார். தினமும் சாயங்காலம் தெளிப்பான் போட்டு இலையெல்லாம் நனையத் தண்ணீர் விட்டார். ஜூலையில் பூவோடு சேர்த்து இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்தது. சாம்பல் நோய். தண்டின் அடி கறுத்து அழுகியது. நடுப்பகுதி ஏற்கெனவே வழுக்கையாகியிருந்தது.

நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெர்லா மூடாக்கைக் கைகளால் வாரி வாரிப் புல்லில் எறிந்துகொண்டிருந்தாள். ராய்ஸ் வந்து நின்றார்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள், திரும்பாமலே.

"உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்."

"உதவியா. கூரை ஒழுகிச்சு, ராய்ஸ். குழாய் வெடிச்சுது. ஒரு குளிர்காலம் பூரா கீழ்த்தளத்துல தண்ணி நின்னுச்சு. நீ இல்ல. வான்னு நானும் கேட்கல. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு பாத்தி. இதுலயா வந்து கைய வைக்கணும்?"

"இப்பதான் நான் இருக்கேன்ல."

"அதான் சொல்றேன். இருக்க."

அவர் உள்ளே போனார். வானொலிச் சத்தம் நின்றது. வெர்லா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஈரத் துணியை உதறுவதுபோல் பாவனை செய்தேன்.

அந்த வருஷம் பாத்தியில் பாதி போய்விட்டது. மீதியை அடுத்த வசந்தத்தில் அவள் வேறு இடத்தில் வைத்தாள். வைத்த கையோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஏரிச்சாலையில் டெக்ஸ்டர் என்பவன் ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருந்தான். பனிக்காலத்தில் மடிந்து, வசந்தத்தில் தானே முளைக்கிற பல்லாண்டுச் செடிகள்தான் அவன் வியாபாரம். தொட்டிகளை அடுக்கிக்கொண்டு போய் மலைப்பக்கத்து ஊர்க்கடைகளுக்கும் பக்கத்து மாநிலக் கடைகளுக்கும் இறக்கிவிட்டு வர லாரி ஓட்டுபவர் தேவை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தான். அறுபதை எட்டிப் பிடிக்கிற ஒரு பெண் வந்து நின்றதும் அவன் சிரித்திருக்கிறான். வாடகை வீடுகளிலிருந்து வாடகை வீடுகளுக்கு மலைப்பாதையில் சாமான் லாரி ஓட்டியது யார் என்று நினைக்கிறாய் என்று கேட்டாளாம். டெக்ஸ்டருக்கு அவசரம், வேறு ஆளும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டான்.

வெர்லா வேறு ஆளானாள். விடிந்ததும் கிளம்புவாள். தூரத்துக் கடை என்றால் மறுநாள்தான் வருவாள். வந்து வேலியோரம் நின்று, எந்த மலையில் இன்னும் பனி இருக்கிறது, எந்த ஊர்ச் சாலையில் மான் குறுக்கே வந்தது, எந்தக் கடைக்காரி புருஷனை விரட்டிவிட்டாள் என்றெல்லாம் சொல்வாள். முகத்தில் வெயில் ஏறியிருந்தது. அந்த வருஷம் பாத்தியை அவள் மறுபடி தொடவில்லை. இருந்த இடத்திலேயே பூத்தது.

இப்போது நிலைகொள்ளாமல் போனது ராய்ஸ். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. வானொலியில் ஆட்டம் கேட்பதை நிறுத்திவிட்டு, டிவியில் வானிலை மட்டும் பார்க்க ஆரம்பித்திருந்தார். புயலைத் தேடிப் போய் வாழ்ந்த மனுஷன், தூறலுக்குப் பயந்தார். "வடக்க மழையாமே, நோரீன்," என்று என் சமையலறைக் கதவருகே வந்து நிற்பார். உள்ளே வாருங்கள் என்றால் வருவார், உட்காரமாட்டார். நாற்றுப்பண்ணைக்கு ஃபோன் போட்டு எங்கே இருக்கிறாள் என்று கேட்பார். ஆற்றுக்குப் போன வேகத்தில் திரும்பி வருவார்.

"மீன் கடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடிச்சுது. விட்டுட்டு வந்தேன்."

டெக்ஸ்டர் லாரிக்கென்று ஒரு கைபேசி கொடுத்திருந்தான். வெர்லா அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். ஓட்டும்போது யாரோடு பேசுவது என்பது அவள் வாதம். எடுத்துக்கொண்டு போ என்று ராய்ஸ் சொன்னார். அவள் கேட்கவில்லை.

அவள் லாரி ஓட்டப் போன இரண்டாம் வருஷ ஏப்ரலில் அது நடந்தது. காலையில் நல்ல வெயில். வாட்டர்டவுன் பக்கம் வசந்தத்தின் முதல் சுமையை ஏற்றிக்கொண்டு போனாள். மதியம் ஏரியிலிருந்து மேகம் ஏறியது. எங்கள் தெருவில் தூவலோடு விட்டுவிட்டது. வடக்கே அப்படியில்லை. கண் முன்னால் நீட்டிய கை தெரியாத பனி. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கிடக்கின்றன, சாலையை மூடிவிட்டார்கள் என்று வானொலி சொன்னது. எத்தனை வண்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை.

ராய்ஸ் தொப்பிகூடப் போடாமல் வந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் காப்பி ஊற்றி வைத்தேன். அது ஆறிப்போனது. உட்கார்ந்தார், எழுந்தார், சன்னலுக்குப் போனார், வந்தார். காவல் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். காத்திருங்கள் என்றார்கள். டெக்ஸ்டருக்குப் போட்டார். அவனுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டார். திரும்ப வந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"நான் போயிருந்தப்பெல்லாம் அவ என்ன பண்ணுவா, நோரீன்? உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காளா?"

"தோண்டுவாளாம்."

"எதை?"

"அந்தச் செடியைத்தான். வேறெதை."

அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடாத கடிகாரம்.

"நான் வீடு திரும்பறப்பெல்லாம் பாத்தி வேற இடத்துல இருக்கும். வெயில் பத்தலைம்பா. வீட்டுக்காரன் திட்டினான்ம்பா. நாற்காலிய மாத்தற மாதிரி செடிய மாத்தறியேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லிச் சிரிப்பேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒவ்வொரு தடவையுமா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வெளியே போய்விட்டார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தபோது, கொட்டகையிலிருந்து மண் கிளறும் பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்கு நடந்துகொண்டிருந்தார். மேலே பனித்தூள், கீழே பாதி இளகிய மண். தோள் ஒத்துழைக்கவில்லை. முள்கரண்டியைக் காலால் மிதித்து இறக்கி, வயிற்றால் அழுத்தி நெம்பினார். ஒரு கட்டி பெயர்ந்ததும் மண்டியிட்டு நல்ல கையால் இழுத்தார். நான் சூடாக சூப் கொண்டுபோனேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி தோண்டினார். அவ்வப்போது உள்ளே ஓடி ஃபோனை எடுத்து யாரையோ அழைத்துவிட்டு வந்து தோண்டினார். இருட்டிய பிறகு நான் படுக்கப் போனேன். காலையில் எழுந்து பார்க்கும்போதும் பாத்தியில்தான் இருந்தார்.

நண்பகலை ஒட்டி லாரி வந்தது. முன்பக்கம் நசுங்கவில்லை, கீறலும் இல்லை. மோதிய வண்டிகளுக்கு வெகு பின்னால் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். தீயணைப்பு வீரர்கள் வந்து எல்லோரையும் பக்கத்துச் சிற்றூரில் இருந்த தங்கள் கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். செடிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, அந்த ஆட்களையே தொட்டித் தட்டுகளைத் தூக்கவைத்துக் கூடத்துக்குள் அடுக்கியிருக்கிறாள். அங்கிருந்து வீட்டுக்கு ஃபோன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எப்போது போட்டாலும் இந்த முனையில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதைக் காட்டும் பீப் சத்தம்தான்.

பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். மொத்தப் பாத்தியும் வெளியே கிடந்தது. ஒரு வேர்க்கட்டி விடாமல் தோண்டியெடுத்து, படுக்கை விரிப்புகளை விரித்து அதன்மேல் அடுக்கி, தன் பழைய வேலைச் சட்டைகளால் போர்த்தி வைத்திருந்தார் ராய்ஸ். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னோட நல்ல விரிப்பா?" என்றாள் வெர்லா.

"ஆமா."

"நாள் முழுக்க யார்கூடப் பேசிட்டிருந்த? போட்டுப் போட்டு விரல் தேஞ்சுது."

"எல்லார்கூடயும்," என்றார். பல் தந்தியடித்தது.

அவள் குனிந்து ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கறுத்துக் காய்ந்த நடுக்கட்டை. இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் அப்படியே. "இதெல்லாம் செத்துப்போன கட்டை ராய்ஸ். எறியறதுக்கு. இதை எதுக்குப் போர்த்தி வச்சிருக்க?"

"எது செத்தது, எதுல உயிர் இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரியாம எதை எறியறது?"

சேற்றைப் பார்த்துக்கொண்டே அவர் மேலும் பேசினார். "நான் ஒரு நாள்தான் காத்துட்டிருந்தேன் வெர்லா. நேத்து மத்தியானத்துலேருந்து இப்ப வரைக்கும். அதுக்கே இப்படி."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தது இருவருக்கும் தெரியும். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி, கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டுபோய்ப் படியில் உட்காரவைத்தாள். உள்ளிருந்து ஒரு கம்பளி எடுத்து வந்து அவர்மேல் எறிந்தாள். "அங்கயே இரு. வேர் காயுது," என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டிகளை இரண்டு கையாலும் பிய்க்க ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள் என்று சொன்னால் கதை அழகாகத்தான் முடியும். விடவில்லை. விட்டுவிடு என்று அந்தக் கோடையில் ராய்ஸ் கேட்டார். "நான் கேட்டப்ப நீ விட்டியா?" என்றாள். அவள் ஒருபோதும் கேட்டதில்லை என்று அவர் சொன்னார். "கேட்டிருந்தா?" என்றாள். இதை எனக்குச் சொன்னது ராய்ஸ்தான். அந்தக் கேள்வியோடு அவர் பல நாள் நடமாடினார். கடைசியில் வந்து, விட்டிருக்க மாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "உருளைக்கிழங்க உரின்னா," என்றார்.

கைபேசியை மட்டும் எடுத்துப்போக ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு கடையிலும் சுமை இறக்கியதும் கூப்பிடுவாள். ஓரிரு வார்த்தைதான். "இறக்கியாச்சு." "சரி." அவ்வளவுக்காக அவர் மீன்பிடிப்பதை விட்டுவிட்டு வீட்டு ஃபோனருகே நிற்பார். கைபேசியை அவளும், வீட்டு ஃபோனின் நீண்ட கம்பியை அவரும் இழுத்துக்கொண்டு திரிந்த காலம் அது. கம்பி பாத்திவரை எட்டாது. அதனால் ஒரு கோடையில் அவரே பாத்தியைச் சன்னலுக்கு அருகே மாற்றினார். அவளைக் கேட்காமல்தான். வெர்லா வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். ஆனால் திரும்ப மாற்றவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்தி அவர் கைக்குப் போனது. நாற்றுப்பண்ணைப் பெண்களிடம் போய்த் தொந்தரவு செய்து கேட்டுக்கொண்டு வந்தார். மே மாதத்தில் நெருக்கமான தண்டுகளை வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டார். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் விட்டார். சாம்பல் நோய் குறைந்தது, போகவில்லை. இந்தச் செடிக்கு அது முழுவதும் போகாது. தேன் குடிக்க ரீங்காரச்சிட்டுகள் வரும் நேரத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒரு சிட்டு ஒரு பூவைத் தொடுவதற்குள் மூன்று தடவை எழுந்து உள்ளே போய்விட்டு வருவார். பழைய அடுப்படிப் பூனை நிம்மதி அவருக்குத் திரும்பவேயில்லை.

வெர்லாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி. டெக்ஸ்டர் அவளைப் பெரிய லாரியிலிருந்து இறக்கி, பக்கத்து ஊர்களுக்குப் போகும் சின்ன வேனைக் கொடுத்திருக்கிறான். வேலையை விடச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. போன வருஷத்திலிருந்து ராய்ஸும் கூடப் போகிறார். சன்னலைத் திற, மூடு என்று இருவருக்கும் வழியெல்லாம் சண்டை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் வாசலில் நின்றிருந்தேன். வேன் நிறையத் தொட்டிகள். வெர்லா எஞ்சினைப் போட்டுவிட்டு விரலால் ஸ்டியரிங் சக்கரத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் ஏறினார். அடுப்பு அணைத்தோமா என்று இறங்கிப் போனார். வந்து ஏறினார். பின்கதவைப் பூட்டினோமா என்று இறங்கினார். வானத்தைப் பார்த்தார். ஏரிப்பக்கம் மேகம் கட்டியிருந்தது.

"ஏறுறியா, நான் போகட்டுமா?" என்றாள்.

"ஒரு நிமிஷம் பொறு. குடை."

"மழைக்கு நீ எப்ப பயந்த?"

"நான் பயப்படல. எடுத்துக்கலாம்ங்கறேன்."

அவள் வண்டியை நகர்த்தியே விட்டாள். அவர் ஒரு கையில் குடையோடு, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சில அடி ஓடி, திட்டிக்கொண்டே ஏறி விழுந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தெருமுனைக்குப் போனதும் வழக்கமாகப் போகும் வலது பக்கம் திரும்ப விளக்குப் போட்டாள். பிறகு அதை அணைத்துவிட்டு இடது பக்கம் திரும்பினாள்.